காசில்லாமல் குறும்படம்: வடசென்னையில் படம் எடுக்கக் கிளம்புகிறவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

நான் தண்டையார்பேட்டைக்காரன். நண்பர்களும் தெருக்காரர்களுமாகச் சேர்ந்து இதுவரை நான்கு குறும்படங்கள் எடுத்திருக்கிறோம். யாருக்கும் சம்பளம் கிடையாது, எனக்கும் சேர்த்துத்தான். படம் எடுக்க ஆசைப்படும் தம்பிகளும் தங்கைகளும் வந்து கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விகள். ஒவ்வொருவரிடமும் பாதி பாதியாகச் சொன்னதை இங்கே முழுசாக எழுதி வைக்கிறேன்.

எவ்வளவு பணம் கையில் இருந்தால் ஆரம்பிக்கலாம், அண்ணா?

எங்கள் கடைசிப் படத்தின் கணக்கு நோட்டைத் திறந்தே சொல்கிறேன். 12 நிமிடப் படம், மூன்று நாள் ஷூட்டிங், 11 பேர். மொத்தச் செலவு 22,000 ரூபாய். இதில் சாப்பாடு, டீ மட்டும் 8,250. ஆளுக்கு ஒரு நாளைக்கு 250 என்று வைத்தோம். ஹார்ட் டிஸ்க் 4,800, மைக்கும் ரெக்கார்டரும் வாடகை 3,600, பெட்ரோல், ஆட்டோ 2,600, ஆர்ட் பொருட்கள் 1,750. பேட்டரி, டேப், ஜெராக்ஸ், மருந்து என்று உதிரியாக 1,000. கேமரா நண்பனுடையது.

சாப்பாட்டுக்கு இவ்வளவா என்று நிறைய பேர் கேட்கிறார்கள். ஆமாம், அதில் மட்டும் கை வைக்காதீர்கள். காசு வாங்காமல் வந்தவருக்கு நாம் கொடுக்கும் மரியாதை அந்தத் தட்டில்தான் தெரியும். காலை ஏழு மணிக்கு எங்கள் தெருமுனையில் இட்லி சுடும் அக்காவிடம் முந்தின நாளே 50 இட்லி சொல்லி வைத்துவிடுவோம். வடகறியும் சேர்த்துத் தூக்கில் வாங்கி வந்து, முதல் ஷாட்டுக்கு முன்னால் எல்லோரும் உட்கார்ந்து சாப்பிடுவோம். மதியச் சாப்பாடு ஒன்றரை மணியைத் தாண்டக் கூடாது. ஒரு ஷாட் பாக்கி இருந்தாலும் நிறுத்திவிடுவேன்.

சம்பளம் இல்லாமல் ஆட்களை எப்படிக் கூப்பிடுவது?

உண்மையைச் சொல்லிக் கூப்பிடுங்கள். "சும்மா வா, ஒரு மணி நேரம்தான்" என்று கூப்பிட்டு நாள் முழுக்க நிற்க வைத்தால், அந்த ஆள் அடுத்த படத்துக்கு வரமாட்டார். எத்தனை நாள், எத்தனை மணியிலிருந்து எத்தனை மணி வரை, என்ன வேலை, பணம் கிடையாது, சாப்பாடும் போக்குவரத்தும் உண்டு, டைட்டிலில் பெயர் வரும், முடிந்த படத்தின் பிரதி கையில் கிடைக்கும். இவ்வளவையும் முதல் பேச்சிலேயே சொல்லிவிடுங்கள். முடியாது என்பவர் அப்போதே சொல்லிவிடுவார். அது நமக்கும் நல்லது.

நம்மிடம் இல்லாதது பணம். அதற்குப் பதிலாக நாம் செலவு செய்வது மற்றவர்களுடைய நேரத்தை. துறைமுகத்தில் ஷிஃப்ட் முடித்துத் தூங்காமல் வருகிறவர், கல்லூரித் தேர்வுக்கு நடுவில் வருகிற பெண், ஞாயிற்றுக்கிழமை ஒரு நாள் கடையை மூடிவிட்டு வருகிற டெய்லர். இவர்கள் நேரம்தான் நம் பட்ஜெட். அதைக் கணக்குப் பார்த்துச் செலவழிக்கத் தெரிந்தால் குழு தானாக வளரும்.

இதை நான் கற்றுக்கொண்டது ஒரு தப்பில். இரண்டாவது படத்தில் ராத்திரி ஒன்பதுக்கு முடிக்கிறேன் என்று சொல்லிவிட்டு, ஒரு மணி வரை இழுத்துவிட்டேன். பஸ் நின்றுவிட்டது. எங்களோடு வேலை செய்த ஒரு தங்கையின் அப்பா திருவொற்றியூரிலிருந்து டிவிஎஸ் ஃபிஃப்டியில் வந்து தெருவில் நின்றார். ஒரு வார்த்தை திட்டவில்லை. "நேரத்தைச் சொல்லிட்டா போதும் தம்பி, நாங்க பயப்பட மாட்டோம்" என்றார். அதற்குப் பிறகு என் ஷெட்யூலில் சொன்ன நேரத்துக்குப் பேக்கப், அதாவது வேலையை முடித்துக் கிளம்பிவிடுவோம். காட்சி பாக்கியா? கதையில் வெட்டுவேன்.

வடசென்னை என்றாலே ரவுடிக் கதைதான் எடுபடுமா?

கத்தி, பழிவாங்கல், ரத்தம். இந்த மூன்றையும் வைத்து நம் ஊரைப் பற்றி எடுத்தது போதும் என்பது என் கருத்து. இதைக் கோபத்தோடுதான் சொல்கிறேன். வேலைக்கான நேர்முகத்தில் முகவரியைச் சொல்லத் தயங்குகிற பிள்ளைகளை எனக்குத் தெரியும். படம் எடுக்கிற நாமும் அதே முகத்தைத் திரும்பக் காட்ட வேண்டுமா?

சுற்றிப் பாருங்கள். வியாசர்பாடியில் வெறுங்காலோடு பந்து உதைக்கும் பிள்ளைகள். பர்மாவிலிருந்து திரும்பி வந்த குடும்பங்களின் சமையல். பெரம்பூர் ரயில்வே குடியிருப்புகளில் ஓய்வு பெற்ற ஆங்கிலோ இந்தியப் பெரியவர்கள். எம்.சி. ரோட்டில் தீபாவளிக்கு முன்னால் பதினாறு மணி நேரம் நின்றே வேலை பார்க்கும் துணிக்கடைப் பெண்கள். கேரம் கிளப், குத்துச்சண்டைக் கூடம், மரண வீட்டில் பாடும் கானா. காசில்லாத படத்துக்கு ஒரு வீடு, ஒரு தெரு, மூன்று பேர், ஒரு நாளில் நடக்கும் கதை போதும். உங்களால் நாளைக்கே நடந்து போய்ப் பார்க்க முடிந்த இடத்தில் கதையை வையுங்கள்.

எத்தனை நிமிடம் இருக்கலாம்?

ஆஸ்கர் விதிப்படி 40 நிமிடம் வரை குறும்படம்தான். ஆனால் 15 நிமிடத்துக்குள் முடியுங்கள். விழாக்களில் சின்னப் படத்துக்கு இடம் கிடைப்பது சுலபம், சம்பளமில்லாத குழுவுக்கும் அதுதான் தாங்கும்.

போனிலேயே எடுக்கலாமா?

தாராளமாக. எக்ஸ்போஷர் (வெளிச்ச அளவு), ஃபோகஸ், ஒயிட் பேலன்ஸ் (நிறச் சமநிலை) மூன்றையும் மாறாமல் லாக் செய்யும் ஆப் ஒன்றைப் போட்டுக்கொள்ளுங்கள். நொடிக்கு 25 பிரேம், ஷட்டர் (ஒவ்வொரு பிரேமும் ஒளி வாங்கும் நேரம்) 1/50 நொடி வையுங்கள். நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால், அப்படி வைத்தால் டியூப்லைட் வெளிச்சம் படத்தில் துடிக்காது. போன்களில் இன்னொரு தொல்லை உண்டு. சில போன்கள் பிரேம் வேகத்தைத் தானாக ஏற்றி இறக்கும். தனியாகப் பதிவு செய்த ஒலியோடு சேர்க்கும்போது, நீளமான டேக்கில் வாயசைவு விலகிப் போகும். வேகத்தை நிலையாக வைக்கிற வசதி அந்த ஆப்பில் இருக்கிறதா என்று முதல் நாளே பார்த்துவிடுங்கள்.

லென்ஸ், லைட் வாடகைக்கு எடுப்பதென்றால் வடபழனி, சாலிகிராமம் பக்கம்தான் போக வேண்டும். கேபிள், பேட்டரி, கார்டு ரீடர் எல்லாம் ரிச்சி ஸ்ட்ரீட்டில் கிடைக்கும்.

லைட் இல்லையே, என்ன செய்வது?

நம் சந்துகளே பெரிய லைட்தான். இரண்டு பக்கமும் மாடி வீடு, நடுவில் ஆறடிப் பாதை. உச்சி வெயில் நேராக விழும் ஒரு மணி நேரத்தை விட்டால், மற்ற நேரமெல்லாம் சுவரில் பட்டுத் திரும்பிய மெத்தென்ற வெளிச்சம்தான் இருக்கும். முகத்துக்கு இதைவிட நல்ல வெளிச்சம் கிடையாது. ஒன்று மட்டும் கவனியுங்கள். நம் வீடுகளில் பச்சை, நீலம், ரோஸ் என்று பளிச்சென்று பெயிண்ட் அடித்திருப்பார்கள். பச்சைச் சுவருக்குப் பக்கத்தில் நடிகரை நிற்க வைத்தால் கன்னம் பச்சையாகத் தெரியும். ஃப்ரேமுக்கு வெளியே அந்தச் சுவர் மேல் வெள்ளை வேட்டி ஒன்றைக் கட்டுங்கள், சரியாகிவிடும். 50 ரூபாய் தெர்மாகோல் அட்டை எதிர்ப் பக்கம் இருந்தால் கண்ணுக்குள் ஒளி வரும்.

கடற்கரைக் காட்சி என்றால் விடியலுக்கு எழுந்தே ஆக வேண்டும். சூரியன் கடலிலிருந்து எழும். கோடையில் ஏழரை மணிக்கெல்லாம் வெயில் சுள்ளென்று ஆகிவிடும். அக்டோபர் முதல் டிசம்பர் வரை வெளிக்காட்சி திட்டமிட்டால், மழைக்கு மாற்றாக ஒரு உள்காட்சியைத் தயாராக வையுங்கள்.

சவுண்டுதான் பயமாக இருக்கிறது. லைவ் சவுண்டா, டப்பிங்கா?

பயப்பட வேண்டிய விஷயம்தான். படம் கொஞ்சம் மங்கலாக இருந்தால் ஆட்கள் பொறுத்துக்கொள்வார்கள். பேச்சு புரியவில்லை என்றால் எழுந்து போய்விடுவார்கள். என் அனுபவத்தில் முதல்முறை நடிக்கிறவர்களை டப்பிங்கில் உட்கார வைத்தால், நடித்தபோது இருந்த உயிர் பாதி போய்விடும். அதனால் நடிக்கும்போதே பேச்சைப் பதிவு செய்யும் லைவ் சவுண்டுக்கே முயற்சி செய்யுங்கள்.

முதலில் லொகேஷனைக் காதால் பாருங்கள். நீங்கள் எடுக்கப் போகும் அதே கிழமை, அதே நேரம் அங்கே போய்க் கண்ணை மூடி பத்து நிமிடம் உட்காருங்கள். எண்ணூர் எக்ஸ்பிரஸ் சாலை ஓர வீடு என்றால் கண்டெய்னர் லாரி ராத்திரி முழுக்க ஓடும். கொருக்குப்பேட்டை பக்கம் என்றால் ரயில் ஹாரன். மதியத்துக்கு மேல் கடற்காற்று ஏறினால் மைக்கில் வெறும் உறுமல்தான் விழும். மைக் மேல் போடும் பொசுபொசு உறை இல்லாமல் கரைக்குப் போகவே போகாதீர்கள்.

வீட்டுக்குள் எடுக்கும்போது ஃபேன், ஃபிரிட்ஜ் இரண்டையும் நிறுத்த வேண்டும். ஃபிரிட்ஜை நிறுத்தினால் உங்கள் வண்டிச் சாவியை அதற்குள் வைத்துவிடுங்கள். கிளம்பும்போது சாவியைத் தேடிப் போவீர்கள், திரும்ப ஆன் செய்யவும் ஞாபகம் வரும். வீடு கொடுத்த அம்மாவின் மாவு புளித்துப் போனால் அடுத்த முறை அந்த வீடு கிடைக்காது.

ஒரு தடவை, கணவனும் மனைவியும் மெல்லப் பேசும் காட்சி. நாலாவது டேக்கில் தெருவில் குடிநீர் லாரி வந்து நின்றது. குடங்கள் உருளும் சத்தம், வரிசைச் சண்டை. எங்கள் உதவி இயக்குநர் போய் "கொஞ்சம் அமைதியா பிடிங்க" என்று சொல்லப் பார்த்தார். நான் தடுத்துவிட்டேன். அது அவர்கள் தண்ணீர், அவர்கள் தெரு. கேமராவை வைத்துவிட்டு எல்லோரும் இறங்கிக் குடம் தூக்கினோம். இருபது நிமிடத்தில் லாரி போய்விட்டது. அதற்குப் பிறகு அந்தத் தெருவில் நாங்கள் "சைலன்ஸ்" என்று கத்த வேண்டிய தேவையே வரவில்லை. பிள்ளைகளை அதட்டி உட்கார வைக்கிற வேலையைப் பாட்டிகளே எடுத்துக்கொண்டார்கள்.

அப்புறம், ஒவ்வொரு இடத்திலும் யாரும் பேசாமல், அசையாமல் ஒரு நிமிடம் அந்த இடத்தின் ஒலியை மட்டும் பதிவு செய்யுங்கள். எடிட்டிங்கில் ஒட்டுப் போட அதுதான் உதவும்.

அனுமதி வாங்க வேண்டுமா?

தனியார் வீடு, கடை என்றால் உரிமையாளரிடம் எழுதி வாங்கிய ஒரு தாள் போதும். தெரு, பூங்கா, கடற்கரை போன்ற பொது இடங்களுக்குக் காவல் துறையிடமும் மாநகராட்சியிடமும் விண்ணப்பிக்க வேண்டும். காவல் ஆணையர் அலுவலகம் வேப்பேரியில், மாநகராட்சி ரிப்பன் மாளிகையில். தெரு அளவில் சின்னதாக எடுத்தாலும், அந்தப் பகுதிக் காவல் நிலையத்தில் தேதி, நேரம், ஆட்களின் பெயர் எழுதி ஒரு கடிதம் கொடுத்துவிடுங்கள். கதையில் கத்தி மாதிரி எதையாவது காட்டுவதாக இருந்தால் அதையும் அந்தக் கடிதத்திலேயே எழுதுங்கள். அட்டைக் கத்தியாக இருந்தாலும் டேக் இல்லாத நேரம் துணியில் சுற்றிப் பைக்குள் இருக்கட்டும். தூரத்திலிருந்து பார்க்கிற ஒருவருக்கு அது நிஜம்தான்.

ரயில்வே இடங்களுக்குத் தெற்கு ரயில்வேயிடம் தனி அனுமதியும் கட்டணமும் உண்டு. 1856-ல் திறந்த ராயபுரம் ரயில் நிலையத்தின் தூண்களைப் பார்த்தால் எல்லோருக்கும் ஆசை வரும். எனக்கும் வந்தது. நம் பட்ஜெட்டுக்கு அது எட்டாது. திருட்டுத்தனமாக எடுக்கப் போய்க் குழுவில் யாராவது மாட்டினால், சம்பளமே வாங்காத ஒருவர் நமக்காக அபராதம் கட்டுவார். தண்டவாளத்தில் இறங்கி எடுக்கவே எடுக்காதீர்கள். துறைமுக வளாகமும் பாதுகாக்கப்பட்ட இடம். அந்தப் பக்கம் டிரோனை நினைக்கவே வேண்டாம்.

காசிமேட்டில் எடுக்க ஆசை. எப்போது போகலாம்?

ஞாயிற்றுக்கிழமை வேண்டாம். ஊரே மீன் வாங்க வரும். வார நாளில், முதலில் கேமரா இல்லாமல் போங்கள். விடிகாலையில் படகுகள் வந்து அணைகிற நேரம், ஏலம் விடுகிறவரின் குரல், ஐஸ் உடைக்கும் மெஷின், தலையில் கூடையோடு ஓடுகிறவர்கள். ஒரு நிமிடம் ஒருவரை நிறுத்தினால் அவருக்கு அன்றைய வருமானத்தில் அடி. ஏலம் முடிந்து அவர்கள் டீக்கு உட்காரும்போது போய்ப் பேசுங்கள். படகு உரிமையாளர்களையும் ஊர்ப் பெரியவர்களையும் பார்த்துச் சொல்லுங்கள். கேட்டுவிட்டுப் போனவர்களுக்கு அங்கே கிடைக்கும் உதவி வேறெங்கும் கிடைக்காது.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் எல்லாம் கரையில் நிற்கும், வலை பின்னல், பெயிண்ட் வேலை நடக்கும். படகு பின்னணியில் அமைதியாகப் பேசும் காட்சிக்கு அது நல்ல நேரம். ஆனால் அது அவர்களுக்கு வருமானம் இல்லாத காலம் என்பதையும் மறக்காமல் போங்கள். படகை நகர்த்த, கயிறு பிடிக்க என்று ஒருவர் அரை நாள் நின்றால், அவருக்கு மட்டும் கூலி கொடுத்துவிடுங்கள். நம் குழுவில் சேர்ந்தவர்தான் சம்பளம் வேண்டாம் என்று சொன்னவர். கயிறு பிடித்தவர் அப்படிச் சொல்லவில்லை.

தரை முழுக்க மீன் தண்ணீர் வழுக்கும். டிரைபாட் காலில் சாக்கு கட்டுங்கள். அலை தடுக்கும் பாறைகள் மேல் பாசி இருக்கும். அந்தக் கடலைத் தெரிந்த ஒருவர் பக்கத்தில் இல்லாமல் யாரையும் ஏற்றாதீர்கள்.

பெண்கள் குழுவில் இருந்தால் தனியாக ஏதாவது பார்க்க வேண்டுமா?

லொகேஷன் பார்க்கும்போது கேமரா கோணத்துக்கு முன்னால் கழிப்பறையைப் பாருங்கள். பக்கத்து வீட்டு அக்காவிடம் முன்கூட்டியே கேட்டு ஏற்பாடு செய்யுங்கள். கழிப்பறை இல்லாத காரணத்தால் நாள் முழுக்கத் தண்ணீர் குடிக்காமல் நிற்கிற பெண்கள் இருக்கிறார்கள். அவர்கள் வாய் திறந்து சொல்லமாட்டார்கள். உடை மாற்ற ஒரு மூடிய அறை வேண்டும். ராத்திரி முடிந்தால் வீட்டு வாசல் வரை கொண்டுபோய் விட ஒருவரை முன்னாலேயே நியமியுங்கள்.

மெட்ராஸ் பாஷையில் வசனம் எழுதலாமா?

உங்கள் வாயில் வந்தால் எழுதுங்கள். "இன்னா", "கீது", "இட்டுக்கினு" என்று தூவிவிட்டால் வடசென்னை வந்துவிடாது. மீனவர் குடும்பம் பேசுவது ஒரு மாதிரி, பெரம்பூர் ஒரு மாதிரி, தெலுங்கும் உருதும் வீட்டில் பேசுகிறவர்களின் தமிழ் வேறு மாதிரி. "பேமானி" கூட உருது வழியாக வந்ததுதான். காட்சியில் என்ன நடக்க வேண்டும் என்று மட்டும் சொல்லி, நடிக்கிறவரைத் தன் சொல்லில் பேச விடுங்கள். ஒத்திகையில் அதைப் பதிவு செய்து, அதிலிருந்து வசனத்தை எழுதி எடுங்கள்.

சின்னப் பிள்ளைகள் நடிக்கலாமா?

நடிக்கலாம், அப்பா அம்மா கூடவே இருக்க வேண்டும். பிள்ளைகள் நடிக்கும் படங்களுக்குச் சட்டப்படி மாவட்ட நிர்வாகத்தின் அனுமதி தேவை. ஒரு நாளில் ஐந்து மணி நேரத்துக்கு மேல் கூடாது, இடைவேளை இல்லாமல் மூன்று மணி நேரத்துக்கு மேலும் கூடாது. நம்முடையது வணிகப் படம் இல்லை என்றாலும் இந்த நேரக் கணக்கை அப்படியே வைத்துக்கொள்ளுங்கள். பிள்ளைக்குத் தூக்கம் வந்துவிட்டால் அன்றைக்கு அவ்வளவுதான்.

கடைசி நேரத்தில் ஒருவர் வரவில்லை என்றால்?

வரமாட்டார்கள், சிலர். வீட்டில் காய்ச்சல், வேலையில் ஓவர்டைம், கொருக்குப்பேட்டை ரயில்வே கேட்டில் அரை மணி நேரம். சண்டை போடாதீர்கள். ஒவ்வொரு வேலைக்கும் அதை ஓரளவு தெரிந்த இன்னொருவர் குழுவில் இருக்கட்டும். கிளாப் அடிக்கிற தம்பிக்கு ரெக்கார்டரை ஓட்டக் கற்றுக்கொடுங்கள். முக்கிய நடிகரின் காட்சிகளை முதல் நாளிலேயே முடிந்தவரை எடுத்துவிடுங்கள்.

கானா போடலாமா? சினிமாப் பாட்டு?

சினிமாப் பாட்டு வேண்டாம். டீக்கடை ரேடியோவில் பின்னணியில் ஓடினால்கூடக் காப்புரிமைச் சிக்கல். இரண்டு நிமிடம் நிறுத்தச் சொல்லிக் கேளுங்கள், நிறுத்துவார்கள். கானா பாடுகிறவர் நம் பக்கத்திலேயே இருக்கிறார். படத்துக்கென்று புதிதாக ஒரு பாட்டுக் கட்டச் சொல்லுங்கள். பாட்டு யாருடையது, படத்தில் எப்படிப் பயன்படுத்தலாம் என்று தமிழில் ஒரு பக்கம் எழுதி இருவரும் கையெழுத்துப் போடுங்கள். இவருக்குப் பணம் கொடுங்கள். மேடையில் பாடிப் பிழைக்கிறவர் அவர்.

இதே மாதிரி ஒரு பக்கத் தாள் நடிகர், குழுவினர் எல்லோரிடமும் வேண்டும். நாளைக்குப் படம் எங்காவது விலை போனால் யாருக்கு எவ்வளவு என்பதையும் அதில் எழுதிவிடுங்கள். நட்பு கெடாமல் இருக்க அதுதான் வழி.

எடுத்ததைப் பத்திரமாக வைப்பது எப்படி?

4கே-யில் நொடிக்கு 100 மெகாபிட் வேகத்தில் பதிவு செய்தால் ஒரு மணி நேரத்துக்கு 45 ஜிபி ஆகும். அதற்குத் தகுந்தபடி டிஸ்க் வாங்குங்கள். கார்டில் இருப்பதை இரண்டு தனித்தனி டிஸ்க்கில் ஏற்றி, திறந்து பார்த்த பிறகுதான் அழிக்க வேண்டும். இரண்டு டிஸ்க்கும் ஒரே வீட்டில் இருக்கக் கூடாது. மழை நாளில் நம் தெருக்களில் தண்ணீர் ஏறும், தெரியுமே. எடிட்டிங்குக்கு டாவின்சி ரிசால்வின் இலவசப் பதிப்பே போதும்.

முடிந்த படத்தை எங்கே காட்டுவது?

முதலில் மொட்டை மாடியில். நடித்தவர்கள், உழைத்தவர்கள், வீடு கொடுத்தவர்கள், அவர்கள் வீட்டார். வாடகை புரொஜெக்டர், வெள்ளைத் துணி, சுண்டல். மூன்றாவது படத்தைக் காட்டியபோது, வீடு கொடுத்த அம்மா கதையை விட்டுவிட்டுத் தன் சமையலறை அலமாரியையே பார்த்துக்கொண்டிருந்தார். "என் வீடு இவ்ளோ அழகா?" என்று மட்டும் கேட்டார்.

அதற்குப் பிறகு விழாக்கள். திருவனந்தபுரத்தில் கேரள அரசு சார்பில் நடக்கும் ஆவணப்பட, குறும்பட விழா, மும்பையில் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை நடக்கும் மும்பை சர்வதேசப் பட விழா, ஜெர்மனியில் 1954 முதல் நடக்கும் ஓபர்ஹவுசன், பிரான்ஸின் கிளெர்மோன் ஃபெரான் எல்லாமே குறும்படத்துக்குப் பெயர் போனவை. நிறைய விழாக்களுக்கு ஃபிலிம்ஃப்ரீவே தளம் வழியாக அனுப்பலாம். நுழைவுக் கட்டணம் சேர்ந்தால் படச் செலவையே தாண்டிவிடும், அதனால் நாலைந்தைத் தேர்ந்தெடுங்கள். ஆங்கில சப்டைட்டில் கட்டாயம். அதை நம் பேச்சுத் தெரிந்த ஒருவர் எழுத வேண்டும். தியேட்டரில் பொதுமக்களுக்குக் காட்டுவதென்றால் 1952-ஆம் ஆண்டுச் சட்டப்படி தணிக்கைச் சான்றிதழ் வேண்டும்.

யூடியூப்பில் எப்போது போடலாம்?

விழாக்களுக்கு அனுப்பி முடித்த பிறகு. ஏற்கெனவே இணையத்தில் வந்த படத்தைச் சில விழாக்கள் எடுத்துக்கொள்வதில்லை, ஒவ்வொன்றின் விதியையும் படித்துப் பாருங்கள். குழுவிடம் "ஒரு வருஷம் ஆகும்" என்று முன்னாலேயே சொல்லி வையுங்கள். போடும் நாளில் டிஸ்கிரிப்ஷனில் எல்லோர் பெயரையும் எழுதுங்கள், இட்லி அக்கா பெயரையும் சேர்த்து. எழுத்துப்பிழை இருக்கிறதா என்று அவரவரிடமே காட்டிச் சரிபார்த்துவிட்டுப் போடுங்கள்.